புரட்டாசியில் கட்டிய வேப்பிலை

பட்டாசுக் கம்பெனியில் காய்ச்சலுக்கு லீவு கிடையாது. அம்மைக்கு உண்டு.

எழுதி ஒட்டிய சட்டம் இல்லை இது. ஆனால் ஏழாயிரம்பண்ணையைச் சுற்றிக் கரிசலுக்குள் எத்தனை கம்பெனி இருக்கிறதோ அத்தனையிலும் இதுதான் நடப்பு. காய்ச்சல் என்று சொன்னால் போர்மேன் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்து நீட்டுவார். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான். அம்மை என்றால் அதே மனிதர் நாலடி பின்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அம்மை கண்ட வீட்டு ஆள் கம்பெனிக்குள் கால் வைத்தால் ஷெட் பற்றிக்கொள்ளும் என்று பயம். அப்படி எந்த ஷெட் பற்றியது என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. பற்றிய ஷெட்டுகளெல்லாம் வேறு காரணங்களால் பற்றியவை. அந்தக் காரணங்களுக்கு யாரும் பயந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் புரட்டாசி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. தீபாவளிக்கு நாலு வாரம்கூட இல்லை. மழை எட்டிப் பார்க்கவில்லை. கம்பெனிக்காரர்களுக்கு அது நல்ல காலம். வெயில் இருந்தால்தான் சரக்கு காயும், லோடு போகும். ஊரில் விதைத்தவர்கள் என்று நாலு பேர்தான் மிச்சம். அவர்கள் மட்டும் வானத்தைப் பார்த்தார்கள்.

டிவியில் அந்த வருஷம் முழுக்கப் பன்றிக் காய்ச்சல் பேச்சுதான். சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் கூட ஒன்றிரண்டு பேர் மூக்கை மூடிக்கொண்டு நின்றார்கள். கம்பெனிப் பெண்களுக்கு அதைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. அலுமினியத் தூள் பறக்கும் ஷெட்டில் அவர்களும் துண்டால் மூக்கைக் கட்டிக்கொள்கிறவர்கள்தான். வேன் ஏறும்போது அதே துண்டை உதறித் தலையில் போட்டுக்கொள்வார்கள். இருமல் அவர்களுக்குப் புதிதில்லை. தூசி இருமல் என்று சொல்லி, சாயங்காலம் ஒரு வாழைப்பழமும் கருப்பட்டித் துண்டும் தின்றால் அடங்கிவிடும். அடங்காவிட்டாலும் அடங்கிவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அந்தப் புரட்டாசியில் வேனில் இருமியவர்களில் யார் தூசிக்கு இருமினார்கள், யார் காய்ச்சலுக்கு இருமினார்கள் என்று அந்த வேனுக்கே தெரியாது. இருபது பேர் உட்காரும் வண்டியில் ஐம்பது பேர் நின்றும் மடியில் உட்கார்ந்தும் போனார்கள். கம்பெனியில் ஒரு தண்ணீர் டிரம். சங்கிலி போட்டுக் கட்டிய ஒரே தம்ளர்.

திங்கட்கிழமை சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போதே பாண்டிச்செல்விக்குப் பல் கிட்டித்தது. மூக்கம்மாளின் மருமகள். பேக்கிங்கில் வேலை. ஆறு மாசக் கர்ப்பம். வெயில் தாழாத அந்த நேரத்தில் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அத்தை, எலும்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

மூக்கம்மாள் சரவெடி பின்னுகிறவள். புருஷன் போய்ப் பதினோரு வருஷம். ஒரே மகன் முனியராஜ் அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறான். மருமகள் வந்த பிறகுதான் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மூக்கம்மாள் மகனைவிட மருமகளிடம்தான் அதிகம் பேசுவாள். தெருவில் அதற்கு நக்கலும் உண்டு. அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஷைலா நர்ஸ் வந்தாள். துணைச் சுகாதார நிலையத்து நர்ஸ். மாசமாக இருப்பவர்களின் கார்டைப் பார்த்து எடையும் பிரஷரும் குறிக்கிற நாள் அது. பாண்டிச்செல்வி நெற்றியில் கை வைத்தவள் கையை எடுக்கவில்லை. பிறகு தெர்மாமீட்டரை எடுத்து அக்குளில் வைத்தாள்.

"எப்பம் இருந்து?"

"நேத்துச் சாயந்தரம் நர்சம்மா. தூசிதான். ஒரு கசாயம் வச்சுக் குடுத்தா..." என்று மூக்கம்மாள் இழுத்தாள்.

"தூசிக்கு நூத்தி மூணு டிகிரி அடிக்குமாக்கா? இது ஃப்ளூ. மாசமா இல்லாத புள்ளைன்னா நானே கஞ்சி குடிச்சிட்டுப் படுன்னு சொல்லிட்டுப் போயிருவேன். இவளுக்கு அப்படி விட முடியாது. வயித்துல புள்ள இருந்தா நெஞ்சுல சளி இறங்குறது தெரியாது. கெளம்புங்க, சாத்தூருக்குப் போவோம்."

"இன்னைக்கு வேன் வந்துருமே."

"வேன் வரட்டும், போகட்டும்."

மூன்று பேரும் பஸ் ஏறிச் சாத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர். ஷைலா சொன்னதையெல்லாம் கேட்டு, நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, பத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, அஞ்சு நாள். காய்ச்சல் விட்டாலும் நிறுத்தக் கூடாது. ஒரு வாரம் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, விட்ட காய்ச்சல் திரும்பி வந்தாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. இதையெல்லாம் அவர் இரண்டு தடவை சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஷைலா மூன்றாம் தடவை சொன்னாள்.

"நீங்களும் வாயை மூடிக்கிட்டுத்தான் அவகிட்டப் போகணும்க்கா. அவ தட்டு, தம்ளர் தனி. தொட்டுட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவணும். கம்பெனிக்குப் போறவுககிட்டயும் சொல்லுங்க, அந்த வேன் ஜன்னலையாவது தெறந்து வைக்கச் சொல்லி."

"தெறந்தா தூசி வருதுன்னு அடைக்கச் சொல்லுதாளுக."

"இப்படியே ஒரு மாசமா நானும் கத்துதேன். ஒருத்தரும் கேக்கலை" என்று ஷைலா அலுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வேன் வந்து நின்றதும் போர்மேன் ரத்தினசாமி நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். உள்ளூர்க்காரர்தான். கெட்டவர் என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. ஆள் குறைந்தால் அவரைக் கம்பெனியில் ஏசுவார்கள். அவர் இங்கே வந்து ஏசுவார்.

"என்னக்கா, மாமியா மருமக ரெண்டு பேரும் டூர் போயிட்டீகளா?"

"காய்ச்சல் தம்பி. சாத்தூர்ல காட்டிட்டு வாரோம். ஒரு வாரம் படுக்கணும்னு டாக்டரே சொல்லியிருக்காரு."

"டாக்டரா வந்து சரக்குப் பேக் பண்ணப்போறாரு? யாருக்குக் காய்ச்சல் இல்லை? எனக்கும்தான் நேத்து ராத்திரி. மாத்திரையப் போட்டேன், வந்துட்டேன்." சட்டைப் பையைத் தட்டிக் காண்பித்தார். "வடக்கே இருந்து ஆர்டர் மேல ஆர்டர் வந்து நிக்கிது. நாளைக்கு வரச் சொல்லுங்க. உக்காந்து பேக்கிங் பண்றதுல என்ன நோவு?"

"மாசமா இருக்கா தம்பி."

"போன சீசன்ல ஒம்பது மாசத்துல வந்தவுக இருக்காக. இந்தா பாருக்கா, ஒரு வீட்டுல மூணு பேருக்கு வேலை குடுத்திருக்கேன். ஒருத்தி வரலைன்னா மூணு பேரும் வரவேண்டாம். தீபாவளிக்கு அப்புறமும் வரவேண்டாம். ஆள் எம்புட்டோ கெடக்கு."

சொல்லிவிட்டு அவர் போனார். உள்ளே பாயில் படுத்திருந்த பாண்டிச்செல்வி, "நான் போறேன் அத்தை. உக்காந்துதானே செய்யப்போறேன்" என்றாள். சொல்லி முடிக்கவில்லை, இருமல் வந்து அவளைச் சுருட்டிப் போட்டது. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருமினாள்.

புதன்கிழமை விடியும் நேரத்தில் மூக்கம்மாள் ஓடைக்கரைக்குப் போய் ஒரு கொத்து வேப்பங்குழை ஒடித்து வந்தாள். நிலைப்படியின் இரண்டு பக்கமும் செருகினாள். வாசலில் மஞ்சத்தண்ணீர் தெளித்தாள். மகனை எழுப்பி வெளியே அனுப்பினாள்.

"ஏலே முனியா, ஒம் பொண்டாட்டிக்கு ஆத்தா வந்திருக்கா. தலைக்கு மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் நீ உள்ள வராதே. புருஷன் நெழல் படக் கூடாது. கோயில் மண்டபத்துல படுத்துக்கோ."

அவன் வாசலிலேயே விழுந்து கும்பிட்டான். சாமிக்குப் பயந்தவன், அதுவும் இருக்கன்குடி ஆத்தா என்றால் அவனுக்குக் கண் கலங்கிவிடும். அவனிடம் நிஜத்தைச் சொல்லலாமா என்று மூக்கம்மாள் யோசித்தாள்தான். ஆனால் அவன் வாயில் ஒன்றும் தங்காது. ரத்தினசாமி ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் வீட்டில் என்ன குழம்பு என்பது வரைக்கும் சொல்லிவிடுவான்.

வேன் வந்தது. ரத்தினசாமி வாசலுக்கு எதிரே இறங்கி, குழையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். முகத்தில் சந்தேகமும் பயமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன.

"என்னக்கா, புரட்டாசியில அம்மையா? பங்குனி சித்திரையிலதானே..."

"ஆத்தாளுக்கு மாசம் என்ன தம்பி? உள்ள வந்து பாக்கீகளா?"

"சே, சே. இருக்கட்டும்." கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா இறங்கட்டும். தண்ணி ஊத்திட்டு மூணு பேருமா வாங்க. வேலை எங்க போயிருது."

வேன் போன பிறகு மூக்கம்மாள் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். பாண்டிச்செல்வியும் இருமலோடு சிரித்தாள். "அத்தை, ஆத்தா கோவிச்சுக்கிட மாட்டாளா?"

"அவளும் பொம்பளைதானே. மாசமா இருக்கவளுக்கு ஒரு வாரம் லீவு வாங்கிக் குடுத்தா கொறைஞ்சா போயிருவா?"

இந்த விஷயம் இன்னொருத்திக்குத் தெரியும். எதிர்வீட்டுச் செல்வலட்சுமி. புருஷன் திருப்பூரில், இவள் இங்கே கம்பெனியில். குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது அவள் கண்ணைச் சிமிட்டி, "மதினி, நேத்து ஆஸ்பத்திரி, இன்னைக்கு அம்மையா?" என்று கேட்டாள். மூக்கம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை; அப்படியொரு சாமர்த்தியம் செய்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பது கஷ்டம். "ஏயப்பா, இது எனக்குத் தோணாமப் போச்சே" என்று செல்வலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வியாழக்கிழமை ஷைலா வந்தவள் வாசலில் குழையைப் பார்த்துத் திகைத்தாள். மூக்கம்மாள் காதோடு சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது.

"ஆளைப் பாருங்க! ஒரு மாசமா நான் வீடு வீடாப் போய், காய்ச்சக்காரங்ககிட்ட ஒட்டாதீங்க, தனியா வைங்கன்னு தொண்டை வறளச் சொன்னேன். ஒரு கொத்து வேப்பிலை சொன்னதும் ஊரே விலகி நிக்கிது." பாண்டிச்செல்வியைப் பார்த்தாள். காய்ச்சல் குறைந்திருந்தது. "சரி, உங்க ஆத்தாளும் என் டாக்டரும் ஒண்ணுதான் சொல்லுதாங்க. மாத்திரையை மட்டும் விட்டுறாதீங்கக்கா. இனி திங்கக்கெழமை வாறேன்."

ஷைலா அன்றைக்கு அந்தக் குழையைப் பிடுங்கிப் போட்டிருக்க வேண்டும். பிற்பாடு அவளே அப்படிச் சொன்னாள். அன்றைக்கு அவளுக்கும் அது வசதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. ஆறாவது மாத்திரையை விழுங்கிவிட்டுப் பாண்டிச்செல்வி மிளகு ரசம் கேட்டாள். அம்மை வீட்டில் தாளிக்கக் கூடாது; தெருவுக்கு வாசனை போய்விடும். தாளிக்காத ரசத்தைக் குடித்துவிட்டு, "இது ரசமா அத்தை, மழைத்தண்ணி" என்று கேலி செய்தாள். பொய் என்றாலும் தெருவுக்காக எல்லாமே செய்ய வேண்டியிருந்தது. ஜன்னல் அடைத்துக் கிடந்தது. ஓட்டு வீட்டுக்குள் வெந்தது. பாயில் பரப்பிய வேப்பிலைமேல் அவள் வேர்த்து நனைந்து படுத்திருந்தாள்.

மத்தியானம் சேலையை மாற்றிவிடும்போது மூக்கம்மாள் அதைப் பார்த்தாள். கழுத்தடியிலும் முதுகிலும் மார்பிலும் சின்னச் சின்னச் சிவப்புப் பொரிகள். விரலை வைத்துத் தடவினாள். முத்து முத்தாக நெருடியது.

அது வேர்க்குரு. காய்ச்சல் வேர்வையும் அடைத்த வீடும் வேப்பிலையும் சேர்ந்து கிளப்பிய வேர்க்குரு. சித்திரையில் ஊரில் பாதிப் பேர் முதுகில் அதுதான் இருக்கும். வேறு எந்த நாளில் பார்த்திருந்தாலும் மூக்கம்மாள் நுங்கை உடைத்துத் தடவிவிட்டுப் போயிருப்பாள். ஆனால் மூன்று நாளாக அவள் வாசலில் குழை தொங்கியது. தெருவில் போனவர்களெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார்கள். மகன் விரதம் இருந்து இளநீர் சுமந்து வந்து வாசலில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். ஊர் முழுக்க நம்பிய பொய்யை, சொன்னவள் ஒருத்தி மட்டும் எத்தனை நாளைக்கு நம்பாமல் இருக்க முடியும்?

பொய்யாகக் கூப்பிட்டேன், நிஜமாகவே வந்துவிட்டாள் என்று நினைத்தாள்.

"அத்தை, என்ன பாக்கீக?"

"ஒண்ணுமில்லத்தா. படு."

ராத்திரிக்குப் போட வேண்டிய மாத்திரையை அவள் கொடுக்கவில்லை. ஆத்தா உடம்பில் இருக்கும்போது இங்கிலீஷ் மருந்து கொடுத்தால் அவள் சீற்றம் எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும். பாண்டிச்செல்வி கேட்டதற்கு, "காய்ச்சதான் விட்டுருச்சே" என்று மழுப்பினாள். மிச்சம் நாலு மாத்திரை அட்டையோடு அடுக்குப்பானைக்குப் பின்னால் போயிற்று. சுடுகஞ்சி நின்றது. பழைய கஞ்சியும் மோரும் இளநீரும் வந்தன. இதையெல்லாம் அவள் பயத்தில் செய்தாள், அன்பில் செய்தாள். இரண்டும் அவளுக்கு வேறு வேறாக இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் காய்ச்சல் திரும்பி வந்தது. மூக்கம்மாள் வாசலில் மண்டியிட்டுத் தப்புக்குக் காணிக்கை முடிந்து வைத்தாள். இருமலில் செம்மண் நிறத்தில் சளி வந்தது. டாக்டர் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. விட்ட காய்ச்சல் திரும்பி வந்தால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. ஆனால் அது காய்ச்சலுக்குச் சொன்னது, இது ஆத்தா. இரண்டுக்கும் நடுவில் அவள் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பாண்டிச்செல்வியால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து, தோள் ஏற இறங்க மூச்சுவிட்டாள். "அத்தை... காத்து... வரலை" என்றாள். உதடு நாவற்பழம் தின்றவள் உதடுபோல ஆகியிருந்தது. மூக்கம்மாள் அதைப் பார்த்தாள். அதற்கு மேல் ஆத்தாளையும் நினைக்கவில்லை, யாரையும் நினைக்கவில்லை. தெருவுக்கு ஓடிவந்து கத்தினாள்.

"ஒரு வண்டி பிடிங்கய்யா! எம் மருமக மூச்சுக்குத் தவிக்கா! ஏலே முனியா, ஆட்டோவைக் கூப்பிடுறா!"

ஆட்டோக்காரன் பெத்தணன் வந்தான். குழையைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்திய இடத்திலேயே நின்றுகொண்டான். "அம்மை கண்ட ஆளை எப்படித்தா ஏத்துவேன்? நாளைக்கு இதுலதான் பள்ளிக்கூடப் புள்ளைகளை ஏத்தணும்."

"அம்மை இல்லடா!" மூக்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "நாந்தான் பொய் சொன்னேன். காய்ச்சதான். லீவுக்காகக் கொழையக் கெட்டினேன். எல்லாரும் கேட்டுக்கோங்க, லீவுக்காக!"

முனியராஜ் ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினான். "யம்மா, வாயை மூடு. ஆத்தா கேட்டுக்கிட்டு இருக்கா. உக்கிரமா இருக்கா. மூச்சு வாங்குறது அவதான்."

"விடுலே! செல்வலட்சுமி, ஏ செல்வலட்சுமி, நீ சொல்லு! ஒங்கிட்டத்தானே சொன்னேன் குழாயடியில!"

எல்லோரும் செல்வலட்சுமியைப் பார்த்தார்கள். ரத்தினசாமியும் கூட்டத்தில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் லீவுதான். செல்வலட்சுமி அவரைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள். "எனக்கு என்ன தெரியும் மதினி" என்றாள். விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டாள்.

கோயில் பூசாரி பலவேசம் முன்னால் வந்தார். சத்தம் போடாத மனுஷன். "மூக்கம்மா, பதறாதே. பொய்யாவே கெட்டியிருந்தாலும் கெட்டுனது கெட்டுனதுதான். நீ கூப்பிட்ட, அவ வந்துட்டா. ஒண்ணு மட்டும் கேக்கேன், சாமிக்குப் பொதுவாச் சொல்லு. புள்ள ஒடம்புல முத்துப் போட்டிருக்கா, இல்லையா?"

மூக்கம்மாள் வாயைத் திறந்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வேன் நிறைய ஆட்கள் பார்த்திருக்க ரத்தினசாமிக்குப் பொய் சொன்னவள், அந்த ஒரு பொய்யைச் சொல்ல முடியாமல் நின்றாள்.

"போட்டிருக்கு" என்றாள்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

வீட்டுக்குள் போன செல்வலட்சுமி சும்மா இருக்கவில்லை. கைபேசியில் ஷைலாவைக் கூப்பிட்டு அழுதாள். சர்ச்சிலிருந்து பாதியில் எழுந்து ஷைலா நூற்றியெட்டுக்குச் சொல்லிவிட்டு வண்டியை விரட்டிக்கொண்டு வந்தாள். ஆம்புலன்ஸும் வந்தது. நிலைப்படியை மறித்து முனியராஜ் கையை விரித்து நின்றான். வெள்ளைச் சேலையோடு நின்ற ஷைலாவைப் பார்த்து, "ஒங்க சாமி வேற, எங்க சாமி வேற. செருப்புக் காலோட உள்ள வராதீக" என்றான். அவள் செருப்பைக் கழற்றினாள். காலில் விழுந்தாள். நிஜமாகவே விழுந்தாள். அவன் கூச்சப்பட்டு விலகினான். அதற்குள், மூக்கம்மாள் தெருவில் கத்தி முக்கால் மணி நேரம் போயிருந்தது.

விருதுநகருக்குப் போகும் வழியில், சூலக்கரையில் கலெக்டர் ஆபீசைத் தாண்டும்போது பாண்டிச்செல்வி மூச்சை நிறுத்தினாள். மூக்கம்மாளின் விரலைப் பிடித்திருந்த கை அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை. வயிற்றில் கை வைத்துப் பார்த்த ஷைலா கையை எடுத்துக்கொண்டாள்.

அம்மையில் போனவர்களுக்கு அழக் கூடாது. ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்று அர்த்தம். கொட்டு கிடையாது, ஒப்பாரி கிடையாது. மாலையில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். மூக்கம்மாள் நெஞ்சில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டபோது நாலு பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "அழுதா ஆத்தா அடுத்த வீட்டுக்கு வந்துருவா மதினி" என்று கெஞ்சினார்கள். தான் கட்டிய பொய்க்காக, செத்த பிள்ளையை நினைத்து வாய்விட்டு அழக்கூட முடியாமல் அவள் உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை ஷைலா வந்தாள். வருகிறேன் என்று முதலிலேயே சொல்லியிருந்த நாள். மூக்கம்மாள் அடுக்குப்பானைக்குப் பின்னாலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"நாலு இருக்கு நர்சம்மா."

ஷைலா நாலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க்கா?"

"முத்துப் போட்டிருந்துச்சு."

"அது வேர்க்குருக்கா." சொன்ன பிறகுதான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்குப் பட்டது. அழுதுவிட்டாள். "நானும்தான் சிரிச்சேன். அன்னைக்கே பிடுங்கி எறிஞ்சிருக்கணும்."

மூக்கம்மாள் அழவில்லை. வேர்க்குரு, வேர்க்குரு என்று இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

மூன்று தண்ணீர் ஊற்றி, பதினோராம் நாள் அவள் கம்பெனிக்குக் கிளம்பினாள். தீபாவளி கிட்டே வந்துவிட்டது. தூக்குவாளியோடு வாசலில் இறங்கியவள் எதிர்வீட்டைப் பார்த்து அப்படியே நின்றாள். செல்வலட்சுமி வீட்டு நிலைப்படியில் புதுசாக ஒரு கொத்து வேப்பங்குழை. உள்ளே இருமல் சத்தம். வேன் வந்து நின்றிருந்தது. ரத்தினசாமி கீழே இறங்கிச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

மூக்கம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். தெருவைத் தாண்டிப் போய் அந்தக் குழையைப் பிடுங்கினாள். வேனுக்குள் ஐம்பது பேரும் ஐயோ என்று கத்தினார்கள். அம்மை வீட்டுக் குழையில் கை வைத்தவளை யாரும் அதுவரை பார்த்ததில்லை. செல்வலட்சுமி போர்வையோடு வாசலுக்கு வந்தாள். கண் சிவந்து முகம் கொதித்துக் கிடந்தது.

"மதினி, வேண்டாம் மதினி" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இது அம்மை இல்லை!" மூக்கம்மாள் வேனைப் பார்த்துக் கத்தினாள். "காய்ச்ச! எம் மருமகளுக்கு வந்ததும் காய்ச்சதான். கொழையக் கெட்டி நான்தான் அவளைக் கொன்னேன். ஏ செல்வலட்சுமி, நீயும் செத்துறாதடி. காய்ச்சன்னு சொல்லு. சத்தமாச் சொல்லு. ஆஸ்பத்திரிக்குப் போ!"

ரத்தினசாமி செல்வலட்சுமியை உற்றுப் பார்த்தார். "நெசமாத்தானா? அம்மை இல்லையா?"

செல்வலட்சுமி தலையைக் குனிந்தாள். "காய்ச்சதான்ணே."

ரத்தினசாமி கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டார். முகம் தெளிந்துவிட்டது. "வெறுங் காய்ச்சதானா? அதுக்கா இம்புட்டுக் கூத்து? அப்ப ஏறு. லோடு நிக்கிது." சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்து நீட்டினார்.

"அவ ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள் மூக்கம்மாள்.

"தீபாவளி முடியட்டும்க்கா, எல்லாருமாப் போவோம். ஏறு புள்ள. வரலைன்னா அப்படியே நின்னுக்கோ."

செல்வலட்சுமி மூக்கம்மாளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இல்லை. போர்வையை உள்ளே எறிந்துவிட்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, மாத்திரையை வாங்கி வாயில் போட்டபடி வேனில் ஏறினாள். மூக்கம்மாளும் ஏறினாள். நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டாள். அவள் மடியில் அந்தக் குழை அப்படியே இருந்தது.

வேன் ஊரைத் தாண்டியதும் செல்வலட்சுமி குனிந்து இருமத் தொடங்கினாள். மூக்கம்மாள் எட்டி ஜன்னலைத் திறந்தாள்.

"தூசி வருது, அடைங்க" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அடைத்தார்கள்.